டீச்சருக்கு ஒரு பக்க நோட்டீஸ்

வாட்ஸ்அப் குழு: நம்ம வடக்குத் தெரு (ஆலங்குடி பக்கம்)

ஞாயிறு, காலை 7:12

அட்மின் தம்பி: எல்லாருக்கும் வணக்கம். வர்ற வியாழக்கிழமை டீச்சருக்குப் பதினாறாம் நாள். சாயங்காலம் 5 மணிக்கு மந்தையில் படத்திறப்பு. நாளை மதியத்துக்குள் நோட்டீஸுக்கு மேட்டர் கொடுக்கச் சொல்லி அச்சகத்தில் கேட்கிறார்கள். ஒரு பக்கம்தான். தெரிந்ததை இங்கே போடுங்கள், நான் தொகுத்துக்கொள்கிறேன்.

மளிகைக்கடை அண்ணன்: 🙏🙏🙏

மாடி வீட்டு சித்தி: 🙏😢🙏

அட்மின் தம்பி: கும்பிடு போதும் சித்தி. விஷயம் எழுதுங்கள்.

மெம்பர் பெரியப்பா: "கல்விக்கண் திறந்த தெய்வம், ஏழைகளின் விடிவெள்ளி, தியாகச் சுடர்" என்று மேலே போட்டுவிடு. மிச்சத்தை அச்சகக்காரரே பார்த்துக்கொள்வார்.

டெய்லர் அக்கா: பெரியப்பா, ரைஸ்மில்காரர் இறந்தபோதும் இதே மூன்றைத்தான் போட்டோம்.

மெம்பர் பெரியப்பா: நல்ல வார்த்தைதானேம்மா. நல்லாசிரியர் விருது எந்த வருஷம் வாங்கினார்? அதையும் சேர்.

டீச்சர் மகள், சென்னை: வாங்கவில்லை பெரியப்பா. அதற்கு ஃபைல் தயார் பண்ணிக் கொடுக்க வேண்டும். ஹெட்மாஸ்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், "எனக்கு வேற வேலை இருக்கு"ன்னு அம்மா விட்டுவிட்டார்.

டெய்லர் அக்கா: 1991-ஐப் போடு தம்பி. அறிவொளி இயக்கம். நீயெல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ராத்திரிப் பாடம் நடந்தது. சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. டீச்சர் பகலில் பள்ளிக்கூடத்தில் நின்றுவிட்டு, ராத்திரி எங்கள் தெருவுக்கு அரிக்கேன் விளக்கோடு வருவார். எங்கள் அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். பூப்பறிக்கிற கை, சிலேட்டுக் குச்சியை அழுத்தி அழுத்தி ஒடித்துவிடும். ஒடிந்த துண்டை எல்லாம் டீச்சர் ஒரு மாத்திரை டப்பாவில் சேர்த்து வைத்து மறுநாள் கொடுப்பார். "துண்டு எழுதாதா?" என்பார்.

மாடி வீட்டு சித்தி: சைக்கிளைச் சொல்லுடி.

டெய்லர் அக்கா: சொல்கிறேன் சித்தி, டைப் பண்ண விடுங்கள். பொம்பளைகள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று அறிவொளியில் சொன்னார்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினோம். பிள்ளையை பாரில் உட்கார வைக்கலாம், அது ஒரு வசதி. டீச்சருக்கே அதுவரை ஓட்டத் தெரியாது. எங்களோடு சேர்ந்துதான் பழகினார். கோயில் திருப்பத்தில் விழுந்து முட்டி பெயர்ந்தது. திண்ணையில் இருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும், இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

மெம்பர் பெரியப்பா: 😄 நான் சிரித்தேன். மறுவாரம் உன் பெரியம்மாவுக்கு வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

மளிகைக்கடை அண்ணன்: எனக்கு ஒரு குறை உண்டு. இங்கே சொல்லலாமா?

டீச்சர் மகள், சென்னை: சொல்லுங்கண்ணே.

மளிகைக்கடை அண்ணன்: டீச்சர் யாருக்கும் எதையும் எழுதித் தரமாட்டார். அப்பா இறந்தபின் விதவை உதவித்தொகைக்கு மனு எழுத அம்மா அவரிடம் போனார். பேனாவைக் கையில் கொடுத்து "நீங்க எழுதுங்க, நான் பக்கத்தில் இருக்கேன்" என்றார். பெயர், ஊர், தேதி, அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. அம்மா அழுதுவிட்டார். படித்தவர், ரெண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்தால் குறைந்தா போவார் என்று எனக்கு ரொம்ப நாள் கோபம். இப்போதும் அது சரியா என்று தெரியவில்லை. புருஷன் போன வீட்டில் பாடமா நடத்துவது?

டெய்லர் அக்கா: அண்ணே, உங்கள் அம்மா கடைசிவரை பேங்கில் அவரே சலான் எழுதினாரே.

மளிகைக்கடை அண்ணன்: எழுதினார். எங்கள் சித்திக்கும் சேர்த்து எழுதினார். இருந்தாலும் அன்றைக்கு அழவிட்டது அழவிட்டதுதான்.

டீச்சர் மகள், சென்னை: நியாயம்தான் அண்ணே. என் கல்யாணப் பத்திரிகையைக்கூட என்னையே எழுதச் சொன்னார். பிழை திருத்தியதோடு சரி.

கூரியர் தம்பி: என்னைப் பூவரசங்குச்சியால் அடித்திருக்கிறார். நாலாம் வகுப்பில், வாய்ப்பாட்டுக்கு.

மெம்பர் பெரியப்பா: அதெல்லாம் நோட்டீஸில் போடக் கூடாது.

கூரியர் தம்பி: போட வேண்டாம். "ஒருபோதும் பிரம்பைத் தொடாதவர்" என்று யாரும் போட்டுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மாடி வீட்டு சித்தி: ⏩ பல முறை பகிரப்பட்டது: வெறும் வயிற்றில் வெந்தயம் சாப்பிட்டால்...

அட்மின் தம்பி: சித்தி!!

மாடி வீட்டு சித்தி: கை பட்டுவிட்டது சாமி.

காலை 9:40

டிராக்டர் மாமா: கஜா புயலை எழுதுங்கப்பா. 2018 நவம்பர் 16. தென்னை எல்லாம் சாய்ந்து, கரண்ட் எத்தனை வாரம் இல்லாமல் கிடந்தோம்? நிவாரண வண்டி வந்தால் மெயின்ரோட்டிலேயே நிறுத்தி, முதலில் ஓடி வந்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே காலனிக்கு ஒன்றும் வராது. டீச்சர் விலக்கு ரோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் நாப்பது பக்க நோட்டு, வீடு வாரியாகக் கணக்கு: எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, ஓடு போனதா கூரை போனதா. "இந்த லிஸ்ட் படி உள்ளே போய்க் கொடுங்க, இல்லைன்னா அடுத்த ஊருக்குப் போங்க" என்பார். ஒரு வண்டிக்காரர் கோபித்துக்கொண்டு போயே போய்விட்டார். எங்களுக்கு வயிறு எரிந்தது. தார்பாய் வண்டி அது.

இல்லம் தேடிக் கல்வி தங்கச்சி: கொரோனாவுக்கு அப்புறம் நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சாயங்காலம் 5 மணிக்கு எங்கள் வாசலில் வகுப்பு. டீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து பிள்ளைகளோடு கடைசியில் உட்கார்ந்துகொள்வார். வகுப்பு நடக்கும்போது வாயே திறக்கமாட்டார். எல்லாரும் போனபின் "கரும்பலகையை மறைச்சுக்கிட்டே நிக்கிறே, ஓரமா நின்னு எழுது" என்பார். ஒன்றரை வருஷம் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்தே மறந்திருந்தது. அவனுக்கு என்ன செய்வது என்று கேட்டேன். "அவன் பேரிலிருந்து ஆரம்பி. அவன் பேரு அவனுக்கு வேணும்ல" என்றார். அறிவொளியிலும் அப்படித்தான் செய்தாராம்.

அட்மின் தம்பி: கண் தானம்? அதைப் போடலாமா அக்கா?

டீச்சர் மகள், சென்னை: கட்டாயம் போடு. நான் சென்னையில் பஸ் ஏறும்முன் போனிலேயே சம்மதம் சொன்னேன். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், நான் வந்து சேரும்வரை காத்திருக்க முடியாது. தங்கச்சிதான் எல்லாம் செய்தாள்.

இல்லம் தேடிக் கல்வி தங்கச்சி: டீச்சர் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தார் அக்கா. ஃபேனை நிறுத்து, இமையை மூடி ஈரப் பஞ்சு வை, தலைக்குத் தலையணை கொடு. ஃபேனை நிறுத்தியதும் "இந்தப் புழுக்கத்திலா?" என்று ஒரே சத்தம். முகம் கோரமாகிவிடும் என்று பயந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்கள், பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கண்புரை ஆபரேஷன் செய்தவர்களும் கொடுக்கலாம், அதையும் நோட்டீஸில் ஒரு வரி சேருங்கள் அண்ணா. நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

மெம்பர் பெரியப்பா: சாவு நோட்டீஸில் ஆஸ்பத்திரி விஷயமா?

டெய்லர் அக்கா: ரைஸ்மில்காரர் நோட்டீஸில் நெல் விலையே போட்டீர்கள் பெரியப்பா.

பகல் 12:05

அட்மின் தம்பி: இப்படி அனுப்பட்டுமா?
"ஆரம்பப் பள்ளி ஆசிரியர். 1991 முதல் அறிவொளித் தொண்டர். நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகியவர். கஜா புயலில் ஊர்க்கணக்கு எழுதியவர். மனு கேட்டு வந்தவர்களிடம் பேனாவைக் கொடுத்தவர். கண்களைத் தானம் செய்தவர். கண்புரை ஆபரேஷன் ஆனவர்களும் கண் தானம் செய்யலாம். 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், உடனே தகவல் சொல்ல வேண்டும்."

மளிகைக்கடை அண்ணன்: பேனா வரி இருக்கட்டும். என் குறையும் இருக்கட்டும்.

டீச்சர் மகள், சென்னை: நன்றாக இருக்கிறது தம்பி. "கஜா"வுக்கு முன்னால் வருஷம் போடு, இல்லாவிட்டால் அம்மா சிவப்பு மையில் சுழித்துவிடுவார்.

மெம்பர் பெரியப்பா: சரி, என் "கல்விக்கண்" ஒன்றையாவது விடு. மற்ற இரண்டையும் எடுத்துக்கொள்.

அட்மின் தம்பி: விட்டாச்சு பெரியப்பா. ஃபிளக்ஸ் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அந்தக் காசுக்கு வாசல் வகுப்புக்கு ஒரு கரும்பலகை வாங்கலாமா?

இல்லம் தேடிக் கல்வி தங்கச்சி: பெரியதாக வாங்குங்கள் அண்ணா. நான் ஓரமாகவே நின்று எழுதுகிறேன் 🙂

டிராக்டர் மாமா: நாற்காலிக்குச் சொல்லியாச்சு, 100. மைக்செட்டுக்குக் கரண்ட் யார் வீட்டிலிருந்து?

மாடி வீட்டு சித்தி: எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிளக் முன்வாசலில் இருக்கிறது.