இடைவேளை விட்டும் தளராத தோள்: யோசனை தேவை
வணக்கம். அலுவலகத்தில் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்குக் கழுத்து, தோள் பயிற்சித் திட்டம் ஒன்று தயாராகிறது. இங்குள்ள பிசியோதெரபிஸ்டுகள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும்.

வேலைக் கெடு நெருங்கினால், கை சும்மா இருந்தாலும் கழுத்திலிருந்து தோளுக்கும் மேல்முதுகுக்கும் பரவும் ட்ரெபீசியஸ் தசையின் மேற்பகுதி லேசாக இறுகியே நிற்கிறது. லேசான இறுக்கம்தானே என்று விட முடியாது. சிறிய இயக்க அலகுகள்தான் (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும் சேர்ந்தது ஓர் அலகு) முதலில் வேலைக்கு வந்து கடைசியில் ஓய்கின்றன. நாள் முழுக்க அதே இழைகள்தான் உழைக்கின்றன.

இப்போதைய திட்டம்: அரை மணிக்கு ஒருமுறை கைகளை மடியில் போட்டு, 4 விநாடி மூச்சை இழுத்து 6 விநாடி விடுவது, ஐந்து முறை. வாரம் 3 நாள் டம்பெல்லுடன் தோளைத் தூக்கி இறக்குவது, கைகளைப் பக்கவாட்டில் உயர்த்துவது. 10 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. வெறும் ஸ்ட்ரெச்சிங் அந்த நேரத்துக்கு இதம், அவ்வளவே.

இடறுவது இங்கேதான். இடைவேளையில் பலர் செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள். "தோளைத் தளர்த்துங்கள்" என்றால் சிலர் கீழே அழுத்திப் பிடிக்கிறார்கள், அதுவும் இறுக்கம்தான்! காதுவரை தூக்கி 5 விநாடி பிடித்துச் சட்டென்று விடச் சொல்வது ஓரளவு உதவுகிறது. இதைவிட எளிய வழி உண்டா? பல்லைக் கடித்துக்கொண்டே வேலை செய்பவர்களுக்குத் தாடையிலிருந்து தொடங்கலாமா? தூக்கம் கெட்ட வாரத்தில் எடையைக் குறைப்பீர்களா, சுற்றையா?

கை மரத்துப்போகிறவர்கள், பிடி தளர்கிறவர்கள், நெஞ்சு அழுத்தத்தோடு தோள் வலி வருகிறவர்கள் இந்தத் திட்டத்தில் இல்லை. அவர்களை நேரே மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறோம்.