லுக்கேமியா வைரஸ் உள்ள பூனைக்குக் கருத்தடை: வழிகாட்டல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வசிக்கிறேன். ஈறு வீங்கி உணவைத் தவிர்த்த எங்கள் இரண்டு வயது ஆண் பூனையின் இரத்தத்தைப் பரிசோதித்ததில், பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் லுக்கேமியா வைரஸ் இருப்பதாக முடிவு வந்துள்ளது. அதை உறுதிசெய்ய, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறோம்.

இந்த வைரஸ் முக்கியமாக எச்சில் வழியே பரவுவதால், வீட்டிலுள்ள மற்றொரு பூனையைத் தனி அறையில், தனித் தட்டுகளுடன் வைத்திருக்கிறோம். மனிதருக்கோ நாய்க்கோ இது தொற்றாது என்பதைப் பக்கத்து வீட்டாருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலுக்குப் பச்சை இறைச்சியிலுள்ள கிருமிகள் ஆபத்து என்பதால், முன்பு கொடுத்த பச்சை மீன்தலையை நிறுத்திவிட்டு, சத்துகள் முழுமையாக உள்ள பூனை உணவோடு, வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைச் சிறிதளவு தருகிறோம். வாய் வலியோடு உலர் உணவை மெல்ல மறுக்கும் பூனைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?

வெளியே அலைவதும் சண்டையிட்டுக் கடிப்பதும் குறையும் என்பதால் கருத்தடை செய்ய விரும்புகிறோம். இத்தகைய பூனைக்கு மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்த அனுபவமுள்ள மருத்துவர் ஓசூரிலோ தருமபுரியிலோ இருக்கிறாரா, அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே கொண்டுசெல்ல வேண்டுமா என்பதை, அனுபவப்பட்டவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.