மடியில் கிட்டார்: வித்தையா, வாசிப்பா?

அஸ்தம்பட்டி தந்தி:
மடியில் கிட்டாரை மல்லாக்கப் போட்டு, இடது கையை மேலிருந்து இறக்கி வாசிக்கும் நம்ம சேலத்துத் திருவிழா மேடைக் கலைஞரின் வீடியோ ஓடிக்கிட்டே இருக்கு. குருவும் கிடையாது, கிளாஸும் கிடையாது, எல்லாம் கேள்வி ஞானம். கைதட்டல் நியாயம்தான். ஆனா பசங்க இதைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதுங்கறது என் கட்சி. விரல் வரிசையே தலைகீழ்: சுண்டுவிரல் கிட்டாரோட தலைப்பக்கம், கட்டைவிரல் பிரிட்ஜ் (உடலில் கம்பி முடியற இடம்) பக்கம். எஃப் மேஜர் பார் கார்டுக்கு (ஒரே விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வெக்கற பிடி) சுண்டுவிரலோ மோதிர விரலோதான் ஆறு கம்பியையும் அமுக்கணும். பலம் பத்தாது, பாதிக் கம்பி செத்த சத்தம்தான் தரும்.

செவ்வாய்ப்பேட்டை சுருதி:
ஜெஃப் ஹீலியை எங்கே வைப்பீங்க அண்ணா? கனடாக்காரர், கைக்குழந்தையிலேயே கண்ணில் வந்த புற்றுநோயால் பார்வை போனவர். இதே மாதிரி மடியில் வெச்சு வாசிச்சு உலக மேடை ஏறினார், 2008ல் காலமானார். ஆறு கம்பியும் எதுக்கு? மேடையில் கீழ் சுரத்துக்கு பேஸ் கிட்டார் இருக்கே, மெல்லிய மூணு கம்பி போதும். கட்டைவிரல் அஞ்சாவது விரலா சேருது. கம்பியை இழுக்க விரல் நுனி மட்டுமில்ல, முழங்கை வரைக்கும் பலம் வருது. கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைச்சு வாசிக்க, இதைவிட வேற என்ன வேணும்?

அஸ்தம்பட்டி தந்தி:
கமகமா? இழுத்தா சுரம் ஏறும், இறங்காது. தோடி ராகக் காந்தாரத்தை அசைக்க சுத்த ரிஷபக் கட்டத்தில் விரலை வெச்சு மத்திமம் வரை இழுக்கணும், அதாவது நாலு அரைச்சுரம். மின்சாரமில்லாத அகூஸ்டிக் கிட்டாரில் 0.012 செட் (மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தில்), மூணாவது கம்பி மேலே இன்னொரு கம்பி சுத்தின சுத்துக் கம்பி. முழுச் சுரம் ஏத்தவே விரல் கிழியும்.

செவ்வாய்ப்பேட்டை சுருதி:
அது கம்பியோட குத்தம், வாசிக்கற முறையோட குத்தமில்ல. எலக்ட்ரிக்கில் 0.009 செட் போடுங்க, மூணாவது கம்பி வெறுங்கம்பி, இழுபடும். ஃப்ரெட்டும், அதாவது கழுத்தில் குறுக்கே இருக்கற உலோகப் பட்டையும், உயரமா இருக்கணும். வீணை மெட்டு மாதிரி விரல் பலகையைத் தொடாம நின்னாத்தான் கம்பி வழுக்கி நகரும்.

குகை கீபோர்டு:
ரெண்டு பேரும் வீடியோவில் கிட்டார் சாயறதைக் கவனிக்கலை. கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் தாங்கல் இல்லாததால அமுக்கற பாரம் முழுக்கக் கீழே போகும், தலைப்பக்கம் தாழும். கழுத்து உடலோடு சேரும் இடம் இடது தொடை மேல உட்காரணும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு, முதுகைச் சுத்தி ஸ்ட்ராப். அகூஸ்டிக்னா துளை வானம் பார்க்கும். மேலே மைக் வெச்சா கை உரசல்தான் முதலில் கேட்கும். பிரிட்ஜுக்கு அடியில் பியஸோ (அதிர்வை நேரா மின்சாரமா மாத்தற பிக்கப்), துளைக்கு ரப்பர் மூடி. அப்பவும் ஸ்பீக்கர் ஊளையிட்டா மிக்ஸரில் 200 ஹெர்ட்ஸ் பக்கம் குறைச்சுப் பாருங்க.

நாகலூர் பனி:
ஏற்காடு கோடை விழாவுக்கு வாசிக்க வர்றவங்களுக்கு ஒண்ணு. அடிவாரத்தில் சுருதி சேர்த்துட்டு 20 கொண்டை ஊசி ஏறினா மேலே குளிரில் எஃகுக் கம்பி சுருங்கும், சுருதி ஏறும். ஃபோகஸ் லைட் சூட்டில் திரும்ப இறங்கும். அரைமணி முன்னாடியே பெட்டியைத் திறந்து வெச்சு, லைட் போட்ட பிறகு சேருங்க. புல்லாங்குழல்காரர் கூட இருந்தா இன்னும் வம்பு, அது சூட்டில் ஏறும்.

செவ்வாய்ப்பேட்டை சுருதி:
பார் கார்டுக்கும் வழி இருக்கு. 6, 3, 2, 1 நாலு கம்பியையும் ஒரு முழுச் சுரம் இறக்கினா விரலே வெக்காம டி மைனர் கார்டு கிடைக்கும். மோதிர விரலைக் குறுக்கே படுக்க வெச்சா மைனர். நடுவிரலால் மூணாவது கம்பியை அடுத்த கட்டத்தில் அமுக்கினா மேஜர். மடிக் கைக்கு அந்த வரிசை இயல்பாவே அமையும். கம்பி தளர்றதால இழுக்கவும் சுலபம்.

அஸ்தம்பட்டி தந்தி:
ஒத்துக்கறேன். ஆனா படிச்ச பிடியெல்லாம் இடம் மாறிடும், கச்சேரி நடுவில் நாலு கம்பியைத் திருப்பி ஏத்த நேரம் ஏது? கத்துக்கற பையன் ரெண்டு கிட்டார் தூக்கிட்டுத்தான் வரணும்.