ஆப்பிரிக்க வரலாற்றில் முதுகலை: லண்டனா, தார் எஸ் சலாமா?

கரையோரம்:
பி.ஏ. வரலாறு முடித்துவிட்டேன். கல்லூரியில் ஆப்பிரிக்கா என்றால் ஐரோப்பிய நாடுகள் அதைப் பங்கிடக் கூடிய 1884–85 பெர்லின் மாநாடு, அப்புறம் நேராக விடுதலை, அவ்வளவுதான். நடுவில் மாஜி மாஜி போர் பற்றி இரண்டு வரி வந்தது. இன்றைய தான்சானியாவின் தெற்கில் ஜெர்மானியருக்கு எதிராக 1905-இல் எழுந்த கிளர்ச்சி. அதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவன், இப்போது முதுகலையே ஆப்பிரிக்க வரலாறும் இலக்கியமும்தான் என்று முடிவு செய்துவிட்டேன். லண்டன் பல்கலைக்கழகத்தின் ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுக் கல்லூரியான சோவாஸ் போகலாமா, தான்சானியாவின் தார் எஸ் சலாம் பல்கலைக்கழகமா? எதற்கு மதிப்பு அதிகம் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

உப்புக்காற்று:
தம்பி, தார் எஸ் சலாமில் எம்.ஏ. வரலாறு படித்தவள் நான். மதிப்பை அப்புறம் பார்க்கலாம். அந்தப் போரைப் படிக்க என்னென்ன மொழி வேண்டும் என்று முதலில் பாருங்கள்.

கிளர்ச்சி மாட்டும்பி மலைப்பகுதியில் தொடங்கியது. ஜெர்மன் நிர்வாகம் கட்டாயப்படுத்திப் பயிரிட வைத்த பருத்திச் செடிகளை மக்கள் பிடுங்கி எறிந்தார்கள். கிஞ்சிகிடிலே ங்வாலே என்பவர் கொடுத்த மருந்து நீர் தோட்டாவைத் தண்ணீராக்கிவிடும் என்ற நம்பிக்கை ஊர் ஊராகப் பரவி, வெவ்வேறு மொழி பேசியவர்களை ஒன்று சேர்த்தது. அவரை 1905 ஆகஸ்ட்டிலேயே தூக்கிலிட்டார்கள். போர் 1907 வரை நீண்டது. ஜெர்மன் படை வயல்களையும் தானியத்தையும் எரித்தது. அதனால் வந்த பஞ்சத்தில்தான் பெரும்பாலோர் செத்தார்கள். ஜெர்மன் தரப்புக் கணக்கு 75,000. தான்சானிய வரலாற்றாளர் கில்பர்ட் குவாஸாவின் கணிப்பு 2.5 லட்சம் முதல் 3 லட்சம் வரை.

அதிகாரிகளின் கோப்புகள் ஜெர்மன் மொழியில், பெர்லினிலும் தார் எஸ் சலாம் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. அவை எழுதியவர்களின் பார்வையைத்தான் சொல்லும். 1968-இல் எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் தெற்கு ஊர்களுக்குப் போய், போர்க்காலத்தை நினைவில் வைத்திருந்த பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்தக் குரல்கள் போயிருக்கும். அந்த அறிக்கைகளைப் படித்த பிறகு எனக்கு வேறு எந்தத் தலைப்பும் பிடிக்கவில்லை. கூலிக்கு நிறுத்தப்பட்டவன் எவ்வளவு நேரம் நின்றான், யார் அடித்தார்கள் என்பதெல்லாம் அப்படிக் கேட்டால்தான் தெரியும்.

இலக்கியமும் அங்கேயே இருக்கிறது. தெற்குக் கடற்கரை ஊரான லிண்டியைச் சேர்ந்த அப்துல் கரீம் பின் ஜமாலுத்தீன் இந்தப் போரைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் பொதுமொழியான சுவாஹிலியில் நெடுங்கவிதையாகப் பாடியிருக்கிறார். இப்ராஹிம் ஹுசைன் 1969-இல் கிஞ்சிகிடிலேயை நாடகமாக்கினார். மொழிபெயர்ப்பில் மட்டும் படித்துவிட்டு ஆய்வுக்கு உட்கார்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பேனாமுனை:
இலக்கியம் முதன்மை என்றால் கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகத்தை விட்டுவிடாதீர்கள். 1968-இல் கூகி வா தியாங்கோ, ஹென்றி ஒவுவோர்-அன்யும்பா, டாபன் லோ லியோங் என்று அங்கே கற்பித்த மூவரும் ஆங்கிலத் துறையையே கலைக்கச் சொன்னார்கள். ஆப்பிரிக்க இலக்கியமும் வாய்மொழி மரபும் நடுவில் வரட்டும், ஆங்கில இலக்கியம் பக்கத்தில் இருக்கட்டும் என்பது அவர்கள் வாதம். அது நடந்தது.

கரையோரம்:
அக்கா, சுவாஹிலி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆறு மாதத்தில் படிக்க முடியுமா? லண்டனுக்கு உதவித்தொகை கிடைத்தால் விடலாமா?

உப்புக்காற்று:
கிடைத்தால் விடாதீர்கள். காமன்வெல்த் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்பார்கள், உங்களுக்கு இப்போது ஒத்துவராது. சோவாஸில் முதுகலை ஓராண்டுதான், ஆனால் படிப்போடு சுவாஹிலியும் எடுக்கலாம். அங்கே சுவாஹிலிக் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கின்றன. தார் எஸ் சலாமில் செலவு குறைவு, சந்தையிலும் பேருந்திலும் மொழி தானாக வரும். ஒன்று மட்டும்: வெளிநாட்டவர் அங்கே ஆய்வு செய்ய கோஸ்டெக் என்ற தான்சானிய அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் அனுமதி வேண்டும், அதை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

ஆறு மாதத்தில் எளிய உரைநடை படிக்கலாம், கவிதை முடியாது. டெல்லி பல்கலைக்கழகத்தில் 1955-லிருந்து ஆப்பிரிக்க ஆய்வுத் துறை இருக்கிறது, சுவாஹிலியும் கற்பிக்கிறார்கள். அங்கே விசாரியுங்கள். கூடவே யுனெஸ்கோ பல தொகுதிகளாக வெளியிட்ட ஆப்பிரிக்கப் பொது வரலாறு இணையத்தில் இலவசம். ஏழாம் தொகுதியை எடுங்கள், காலனியாதிக்கக் காலம் அதில்தான் வருகிறது. படித்துவிட்டு எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அதை இங்கேயே எழுதுங்கள். விண்ணப்பத்துக்கான ஆய்வுக் குறிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.