1996 கோவை மேயர் தேர்தல் நோட்டீஸ் யாரிடமாவது இருக்கிறதா?

குழுவில் உள்ள பெரியவர்களுக்கு வணக்கம். கோவையின் 1996 மாநகராட்சித் தேர்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 1866இல் நகராட்சியான ஊர், 1981இல் சிங்காநல்லூரையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி ஆனது. ஆனால் முதல் மேயரைத் தேர்ந்தெடுக்க 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. தமிழ் மாநில காங்கிரசின் வி. கோபாலகிருஷ்ணன் வென்றார்.

வென்றவர் பெயர் எங்கும் கிடைக்கும். எனக்கு வேண்டியது வார்டுக் கதைகள். சிங்காநல்லூர், உப்பிலிபாளையம், பீளமேடு மில் வாசல்களில் ஷிப்ட் விடும் நேரத்தில் யார் வந்து வாக்குக் கேட்டார்கள்? சிறுவாணித் தண்ணீர் தருவதாக யாரெல்லாம் சத்தியம் செய்தார்கள்? (எல்லோரும்தான் செய்திருப்பார்கள், தெரியும்.) மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட தேர்தல் அது. மில் தொழிலாளர் வீட்டிலிருந்து கவுன்சிலருக்கு நின்ற ஒரு பெண்ணின் நோட்டீஸாவது கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அசல் வேண்டாம், தெளிவான படம் போதும். படம் எடுக்கும்போது அடி ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்; அச்சகத்தின் பெயர் அங்கேதான் இருக்கும். அன்று சுவரெழுத்து எழுதிய ஓவியர் யாரையாவது தெரிந்தால், அவரிடம் கேட்டுவிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள். நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.