டியூப் சேனல் ஸ்ட்ரிப் வாங்கலாமா? எஸ்எம்7பி-யில் குரல் மெலிந்து கேட்கிறது

மாடியறை:

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றை ரெக்கார்டிங்குக்கு என்று ஒதுக்கியிருக்கிறேன். மனைவி பிள்ளைகளுக்குத் திருப்புகழும் தேவாரமும் சொல்லிக்கொடுக்கிறாள். அவர்கள் வீட்டில் கேட்டுப் பழகுவதற்காக ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து அனுப்புகிறோம். மைக் ஷூர் எஸ்எம்7பி, ஒருவரிடம் பழையதாக வாங்கினேன். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. ரீப்பர் மென்பொருளில் பதிகிறேன்.

பிரச்சினை இதுதான். நேரில் அவள் குரல் நல்ல கனமாக இருக்கும். பதிவில் கேட்டால் போனில் பாடுகிற மாதிரி மெலிந்துபோகிறது. கெயினை (சிக்னலை ஏற்றும் அளவை) முழுக்கத் திருகினாலும் லெவல் போதவில்லை, பின்னால் உஸ்ஸென்று இரைச்சல் வேறு.

"டியூப் போட்டால்தான் குரலுக்குக் கதகதப்பு வரும்" என்று நண்பன் ஒருவன் தன்னுடைய டியூப் (வால்வு) சேனல் ஸ்ட்ரிப்பை ஒரு வாரத்துக்குக் கொடுத்தான். மைக் சிக்னலை ஏற்றும் ப்ரீஆம்ப், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸர், தொனியைத் திருத்தும் ஈக்யூ எல்லாம் சேர்ந்த பெட்டி அது. அதை மாட்டினால் இரைச்சல் இன்னும் கூடிவிட்டது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கரகரவென்று உடைகிறது. பெட்டி பழுதா, நான் மாட்டியதில் தப்பா? அறுபதாயிரம் வரை செலவழிக்கலாம் என்று இருக்கிறேன். எந்த டியூப் ஸ்ட்ரிப் வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

ரிதம்பேட்:

காசு சேர்த்து அவலான் விடி-737எஸ்பி வாங்கிவிடுங்கள் நண்பரே. டியூப் ப்ரீஆம்ப், கம்ப்ரஸர், நாலு பேண்ட் ஈக்யூ எல்லாம் ஒரே பெட்டியில். குரலுக்கு அதை அடிக்க ஆளில்லை.

மாடியறை:

அண்ணா, அது சில லட்சம் ஆகும். வீட்டில் கேட்டால் என்னைத்தான் வெளியே வைத்துப் பூட்டுவார்கள்.

வால்வுரேடியோ:

தம்பி, வாங்குவதை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். முதலில் சிலது சொல்லுங்கள். பாடும்போது அவர் வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்? அந்த ஸ்ட்ரிப்பிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு என்ன கேபிள் போட்டீர்கள்? 2ஐ2-வில் 48 வோல்ட், அதாவது கண்டன்ஸர் வகை மைக்குக்குக் கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பும் பட்டன், எரிகிறதா? கடைசியாக, எஸ்எம்7பி-யின் பின்பக்கம் பள்ளத்துக்குள் இரண்டு சின்ன சுவிட்சுகள் இருக்கும். அவை எப்படி இருக்கின்றன? டார்ச் அடித்துப் பாருங்கள்.

மாடியறை:

தூரம் ஒரு அடி இருக்கும். மேடையில் பாடிப் பழகியவள், மைக் முகத்துக்குப் பக்கத்தில் வந்தாலே பின்னால் நகர்ந்துவிடுகிறாள். கேபிள் இரண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர். மைக்குக்குப் போடும் அதே கேபிள்தான். 48 வோல்ட், எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுத்தான் வைத்திருக்கிறேன். சுவிட்சு இருப்பதே இப்போதுதான் தெரியும். பக்கத்தில் குட்டிக் கோட்டுப் படங்கள் இருக்கின்றன. ஒரு சுவிட்சு இடது பக்கம் கீழே சரிந்த கோடு போட்ட இடத்தில் நிற்கிறது.

வால்வுரேடியோ:

அந்தச் சரிந்த கோடுதான் பாதித் திருடன். அது பேஸை, அதாவது அடிக்குரலை, குறைக்கும் சுவிட்சு. உங்களுக்கு விற்றவர் அதைப் போட்டு வைத்திருந்திருக்கிறார். சின்ன ஸ்க்ரூடிரைவரால் நேர்கோட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். இன்னொன்று நடுப் பகுதியைத் தூக்கிக்காட்டும் சுவிட்சு, அதுவும் நேராகவே இருக்கட்டும்.

மீதிப் பாதி தூரம். எஸ்எம்7பி மிகவும் மெல்லிய சிக்னல் தரும் மைக். 94 டெசிபெல் சத்தத்துக்கு அதிலிருந்து வருவது 1.12 மில்லிவோல்ட்தான். அதே சத்தத்துக்கு ரோட் என்டி1-ஏ மாதிரி ஒரு கண்டன்ஸர் 25 மில்லிவோல்ட் தந்துவிடும். இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபெல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. உங்கள் 2ஐ2-வின் மைக் கெயின் 56-ஓடு முடிந்துவிடும். ஏற்கெனவே இழுபறி. அதில் அவர் ஒரு அடி தள்ளி நிற்கிறார்.

நான்கு விரல் தூரத்துக்கு வரச் சொல்லுங்கள். தூரம் நான்கில் ஒன்றானால் லெவல் சுமார் 12 டெசிபெல் ஏறும், ஒரு பைசா செலவில்லை. அதைவிட முக்கியம், இந்த வகை மைக்கில் கிட்ட வரவர அடிக்குரல் தானாகப் பெருகும். நீங்கள் கதகதப்பு என்று தேடுவதில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ரேடியோ அறிவிப்பாளர்கள் இந்த மைக்கை முத்தமிடுகிற மாதிரி பேசுவது சும்மா இல்லை.

இனி அந்த ஸ்ட்ரிப். பெட்டியைப் பழிக்காதீர்கள். எக்ஸ்எல்ஆரில் செருகினால் சிக்னல் 2ஐ2-வின் மைக் ப்ரீஆம்ப் வழியாகத்தான் போகும். ஏற்கெனவே லைன் லெவலுக்கு, அதாவது மைக் சிக்னலைவிடப் பல மடங்கு பெரிய அளவுக்கு, ஏறி வந்ததை இன்னொரு முறை ஏற்றுகிறீர்கள். அந்த மைக் இன்புட் கெயினைக் குறைத்து வைத்தாலும் தாங்குவது 9 டிபியூ (சிக்னல் அளவு) வரைதான். மேல் ஸ்தாயியில் ஸ்ட்ரிப் அதைத் தாண்டித் தள்ளியிருக்கும், அதுதான் கரகரப்பு. அதே ஓட்டையில் டிஆர்எஸ் பிளக்கை (பெரிய ஹெட்போன் பிளக் மாதிரி இருக்கும்) செருகினால் லைன் இன்புட்டாக மாறிக்கொள்ளும், அங்கே 22 டிபியூ வரை தாங்கும். கிடார் மாதிரி கருவிகளுக்கான இன்ஸ்ட் பட்டன் அணைந்திருக்க வேண்டும். எக்ஸ்எல்ஆர் பெண் முனையிலிருந்து டிஆர்எஸ் ஆண் முனைக்கு ஒரு கேபிள் வேண்டும். ஊரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவர் யாரிடமாவது சொன்னால் பத்து நிமிடத்தில் சால்டர் வைத்துத் தருவார். அப்புறம் அந்த 48 வோல்ட்டை உடனே அணையுங்கள். மைக்குக்கு அது தேவையே இல்லை, ஸ்ட்ரிப்பின் அவுட்புட்டுக்குள் போனால் அதற்குக் கெடுதல்.

சுருதிப்பெட்டி:

வால்வு ஐயா, குறுக்கே வருகிறேன். டியூப் உண்மையில் குரலுக்கு என்னதான் செய்கிறது? "வார்ம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், என்னவென்று யாரும் சொல்வதில்லை.

வால்வுரேடியோ:

பாட்டுக்காரர்களுக்குச் சொல்வது எளிது. அவர் சுருதி ஐந்து கட்டை என்று வையுங்கள், ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். டியூபைக் கொஞ்சம் அழுத்தி ஓட்டினால் உள்ளே இல்லாத 392 மெலிதாகச் சேரும். அது மேல் ஷட்ஜம். அதற்கும் குறைவாக 588 சேரும், அது மேல் பஞ்சமம். தம்புராவில் தந்திக்கடியில் நூலைச் செருகி ஜீவா பிடிக்கும்போது உள்ளே இருக்கும் மேல் சுரங்கள் எழுந்து வருமே, ஏறக்குறைய அந்தக் குடும்பம். ஆனால் அழுத்தினால்தான் வரும். கெயினைக் குறைத்துச் சாதுவாக ஓட்டினால் நல்ல டியூப் ப்ரீஆம்புக்கும் நல்ல டிரான்ஸிஸ்டர் ப்ரீஆம்புக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

விலை குறைந்த பெட்டிகளில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் 12ஏஎக்ஸ்7 டியூப்தான் இருக்கும், ஐரோப்பியப் பெயர் இசிசி83. அதன் டேட்டாஷீட்டில் டியூபுக்குள் இருக்கும் பிளேட்டுக்கு 250 வோல்ட் போட்டுக் கணக்குக் காட்டியிருப்பார்கள். சுவர் அடாப்டரோடு வரும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் சில பத்து வோல்ட்தான் போகும். நிஜமான கெயினை ஐசி (சிப்) கொடுத்துவிடும், டியூப் நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் மண்ணைத் தூவும். சிலதில் கண்ணாடி வழியாக ஆரஞ்சாகத் தெரிவது டியூப் வெளிச்சமே இல்லை, பின்னால் ஒரு எல்இடி. அந்தச் சத்தமும் சிலருக்குப் பிடிக்கும், பிடித்தால் வாங்கட்டும். 250 வோல்ட் என்று நினைத்து வாங்கக்கூடாது, அவ்வளவுதான்.

கம்பிவழி:

நான் டப்பிங் குரல்கள் பதிகிறவன். மாடியறை கேட்டதில் இன்னொரு பாதி விட்டுப்போகிறது, சேனல் ஸ்ட்ரிப். ப்ரீஆம்ப் மட்டும் என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஸ்ட்ரிப் என்றால் கம்ப்ரஸரும் ஈக்யூவும் பதிவோடு சேர்ந்து உறைந்துவிடும். பிறகு எடுக்க முடியாது. யூனிவர்சல் ஆடியோவின் எல்ஏ-610 மாதிரிப் பெட்டிகளில் ஆப்டோ கம்ப்ரஸர் இருக்கிறது. உள்ளே ஒரு ஒளிப் பலகை, எதிரே வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் மின்தடை. சத்தம் ஏறினால் வெளிச்சம் ஏறும், வெளிச்சம் ஏறினால் கெயின் இறங்கும். மெதுவாக விடும், அதனால் இயல்பாகக் கேட்கும். பேச்சுக்கு அருமை. திருப்புகழுக்கு? சந்தம் தெறிக்கிற இடங்களில் ஒரு வல்லெழுத்துக்கு அமுங்கி, அடுத்த மெல்லெழுத்து எழுவதற்குள் இன்னும் விடாமல் இருக்கும். கமகத்தின் வால் மங்கிப்போகும். நானே ஒருமுறை ஒரு பாகவதரின் இரண்டு மணி நேரப் பதிவை இப்படி அமுக்கிவிட்டு, மறுபடி பாடச் சொல்ல முகமில்லாமல் அலைந்தேன்.

ஆளை வைத்துப் பதிகிறவருக்கு எதிரே உட்கார்ந்து நாப்பைத் திருப்ப ஆளிருக்கும். வீட்டில் பாடுவது ஒருவர், பட்டனை அமுக்குவது ஒருவர் என்றால் கம்ப்ரஸரை மென்பொருள் பிளக்இன்னில் பின்னால் போடுவதே நல்லது. வாங்கினால் கம்ப்ரஸரையும் ஈக்யூவையும் தனித்தனியாக பைபாஸ் செய்ய (வழியிலிருந்து விலக்க) முடிகிற பெட்டியாகப் பாருங்கள்.

மாடியறை:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வால்வு ஐயா சொன்னதை எல்லாம் செய்தேன்.

சுவிட்சைத் தள்ளியதுமே வித்தியாசம் தெரிந்தது. தூரத்துக்குத்தான் பாடுபட்டேன். மைக் ஸ்டாண்டைக் கிட்டே வைத்தால் கழுத்து பின்னால் போகிறது. கடைசியில் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டேன், பின்னால் நகர இடமில்லை. முதல் இரண்டு பாட்டுக்கு என்னை முறைத்தாள், மூன்றாவதில் மறந்துவிட்டாள். 'ப' வரும் இடங்களில் காற்று அடித்தது. எஸ்எம்7பி-யோடு தடித்த ஃபோம் ஒன்று வரும் என்று படித்தேன், எனக்கு விற்றவர் அதைத் தரவில்லை. இப்போதைக்கு பாப் ஃபில்டர் வைத்திருக்கிறேன். மின்விசிறியை அணைத்ததில் உஸ்ஸில் பாதி போயிற்று. அது மைக்கின் குற்றம் என்று ஆறு மாதம் நினைத்திருந்தேன்.

டிஆர்எஸ் கேபிளில் ஸ்ட்ரிப்பையும் போட்டுப் பார்த்தேன், கரகரப்பு சுத்தமாக இல்லை. பாட்டின் ஒரே வரியை ஸ்ட்ரிப் வழியாகவும் நேராகவும் பதிந்து, லெவலைச் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் அவளிடம் கொடுத்தேன். "இரண்டும் ஒன்றுதான். இரண்டாவதில் எனக்குக் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கிறது" என்றாள். இரண்டாவதுதான் டியூப். பெட்டியைத் துடைத்து நண்பனிடம் கொடுத்துவிட்டேன்.

நேராகப் பதிவதில் கெயின் இன்னும் கடைசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மெதுவாகப் பாடும் விருத்தங்களில் இரைச்சல் லேசாகத் தெரிகிறது.

வால்வுரேடியோ:

சந்தோஷம். அதற்கு மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் போடும் இன்லைன் பூஸ்டர் ஒன்று போதும். கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் என்று கிடைக்கும், 25 டெசிபெல் அளவுக்கு ஏற்றித்தரும். அது ஓடுவதற்கு 48 வோல்ட் வேண்டும், இப்போது நீங்கள் அதைப் போடலாம். பூஸ்டரே எடுத்துக்கொள்ளும், மைக்குக்குப் போகாது.

மிச்சப் பணத்தில் அறையைக் கவனியுங்கள். பத்துக்குப் பன்னிரண்டில் வெறும் சுவர் என்றால் எதிரொலி கட்டாயம் இருக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் பவானி ஜமக்காளம் கிடைக்கிறதே என்று தொங்கவிட்டுவிடாதீர்கள். மெல்லியது, கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டு அறையை இன்னும் மந்தமாக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அவர் முதுகுப்பக்கச் சுவரில் நிமிர்த்தி வையுங்கள். மைக்கின் முகம் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது.

மாடியறை:

மெத்தை இரண்டு பரணில் இருக்கிறது! பூஸ்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

சுருதிப்பெட்டி:

அப்படியே எனக்கும் ஒன்று. எனக்கு டியூப் சத்தம் பிடிக்கும், மூக்கடைத்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவிலிருந்து சித்தப்பா மகன் பழைய டியூப் ஸ்ட்ரிப் ஒன்று கொண்டுவருகிறான். 120 வோல்ட் பெட்டி. இங்கே மாட்டலாமா?

வால்வுரேடியோ:

பின்பலகையில் 115, 230 என்று மாற்றும் சுவிட்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பிளக்கைச் செருகுவதற்கு முன்பே 230-க்குத் தள்ளி, பியூஸையும் பலகையில் 230-க்கு எழுதியிருக்கும் மதிப்புக்கு மாற்றுங்கள். அமெரிக்கப் பியூஸை அப்படியே விட்டால் அது தேவையைவிடப் பெரியதாக இருக்கும், ஆபத்து நேரத்தில் எரியாது. சுவிட்சு இல்லை என்றால் 120-க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி அதன் வழியாக மட்டும் போடுங்கள். மூடியைக் கழற்றி உள்ளே டியூபைத் தொட்டுப்பார்க்கும் ஆசை வேண்டாம். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் கையை உதறவைக்கும் வோல்ட் நின்றுகொண்டிருக்கும். வந்ததும் பின்பலகையைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.