மட்டக்களப்பில் இந்திய–இலங்கை இசை விழா: உங்கள் மனதில் நின்றது எது?

வாவிக்கரையான்:
விழாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். சென்னையிலிருந்து வந்த மிருதங்கக்காரர் ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளத்தில் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியம் தனித்து ஒலிக்கும் பகுதி) வாசித்து முடித்தார். முன்வரிசையில் எங்கள் பக்கத்து அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) ஒருவர், நம் நாட்டுக்கூத்தான வடமோடிக்குக் காலமெல்லாம் மத்தளம் அடித்தவர், தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். கலைஞர் அதைக் கவனித்துவிட்டார். மேடை ஓரத்துக்கு வந்து மிருதங்கத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பெரியவர் ஒரு தாளக்கட்டை அடித்துக் காட்ட, இவர் வாயாலேயே சொற்கட்டாகத் திருப்பிச் சொன்னார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. உடனே ஒலிவாங்கியில், "அடுத்து பொன்னாடை போர்த்தும் நிகழ்வு!" இரு நாட்டு உறவு வேண்டும் என்றுதானே விழா? அது கண்முன்னே நடந்துகொண்டிருந்ததே! இன்னும் ஆறவில்லை.

சுருதிப்பெட்டி:
அண்ணை, கோபம் நியாயம்தான். ஆனால் கச்சேரி மேடையில் கூத்தைக் கலப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கூத்துக்கென்று தனி ஆடுகளம், களரி, இருக்கிறது, விடிய விடிய ஆடட்டும். இரண்டும் தனித்தனியாக நின்றால்தான் இரண்டுக்கும் மதிப்பு.
எனக்கு மறக்காதது சிதார். வட இந்தியக் கலைஞர் மால்கௌன்ஸ் ராகத்தை எடுத்தார்; நம் கர்நாடக இசையில் அதற்கு இணையானது ஹிந்தோளம். ஹிந்துஸ்தானி கேட்டே இராத அம்மம்மா என் கையைப் பிடித்து, "இது நம்மட ஹிந்தோளமெல்லோ!" என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, ஹிந்தோளத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனையான 'சாமஜவரகமனா'வை மெல்ல முணுமுணுத்தார். அப்படியே பொருந்தியது.

காரைதீவு மகள்:
என் கதை சின்னது. விழாவுக்கு வந்த பாடகர் ஒருவர் விபுலாநந்த அடிகள் பிறந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிப்போனோம். 1947இல் அடிகளின் தமிழிசை ஆய்வான யாழ் நூல் அரங்கேறிய திருக்கொள்ளம்பூதூர் தன் ஊருக்குக் கிட்ட என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார்.
அப்புறம், விழா நடத்துபவர்களுக்குச் சில விஷயங்கள். மாரி காலத்தில் வைக்கிறீர்கள். ஈரக் காற்றில் மிருதங்கத் தோல் இளகிவிடும், வலந்தலையில் (வலப்பக்க முகத்தில்) சுருதி நிற்காது. கலைஞர்களை முன்கூட்டியே மண்டபத்துக்குள் விடுங்கள், தொப்பிக்கு (இடப்பக்க முகத்துக்கு) ரவை பூசிச் சுருதி சேர்க்க நேரம் கொடுங்கள். குளிரூட்டியைக் கச்சேரி தொடங்கும்போது திடீரென்று போடாதீர்கள், தம்புராவும் வயலினும் சுருதி மாறிவிடும். பொன்னாடை, வரவேற்புரை எல்லாம் தொடக்கத்திலேயே முடியட்டும். சங்கீதம் படிக்கிற பிள்ளைகளைப் பின்வரிசைக்குத் தள்ளாதீர்கள், அவர்களுக்கு விரல்கள் தெரிய வேண்டும். பெற்றோரே, முதல் நாள் இரவு ஒரே ஒரு ராகத்தையாவது பிள்ளைக்குக் கேட்க வையுங்கள், சபையில் அதைக் கண்டுபிடிக்கும்போது அந்த முகத்தைப் பாருங்கள். கைப்பேசியில் படம் பிடிப்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

வாவிக்கரையான்:
சுருதிப்பெட்டி தங்கச்சி, கலக்கச் சொன்னது யார்? கேட்டது அந்தக் கலைஞர். மிருதங்கமும் மத்தளமும் ஒரே குடும்பம். உங்கள் அம்மம்மா சிதாரில் ஹிந்தோளத்தைக் கண்டது சரி என்றால், அண்ணாவியார் மிருதங்கத்தில் தன் தாளத்தைக் கண்டதும் சரிதான்.

ஆரையம்பதியான்:
நானும் அன்று இருந்தேன். கதை மேடையோடு முடியவில்லை அண்ணை. வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் அந்த மிருதங்கக்காரர் பெரியவரைத் தேடி வந்தார். "மறுகா ஒருக்கா சொல்லுங்க" என்று நம் பேச்சிலேயே கேட்டார், யாரிடம் பிடித்தாரோ! கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவு தாளக்கட்டு முழுவதையும் சொல்லவைத்து, விரலால் கதவில் தட்டித் தட்டிப் பழகினார். சாரதி ஹோர்ன் அடித்தும் ஏறவில்லை. என் கைப்பேசியில் அது பதிவாகி இருக்கிறது (காரைதீவு அக்கா மன்னிக்க வேண்டும்). வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.